நாற்பது எரிகற்கள்

நார்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிரைட்டன், ஓவேலி தேயிலை எஸ்டேட்டில் இருக்கும் மனைவி ஸ்டெபியிடம் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்துப் பேசினான்.

"இருவத்திரெண்டாந்தேதி எரிகல் மழை. எனக்கு உச்சியில தெரியும். உனக்கு விடிஞ்சிருக்கும், ஆனா ரேடியோவுல கேக்கலாம். ஸ்டேஷன் இல்லாத இடத்துல வை. கல்லு எரியறப்போ எங்கயோ தூரத்து ஸ்டேஷன் டக்குன்னு வந்துட்டுப் போகும். ரெண்டு பேரும் எண்ணுவோம்."

கிறிஸ்துமஸுக்கு வரப்போவதில்லை என்றும் சொன்னான். 'ரெண்டு பேரும்' என்ற சொல்லுக்காக அதையும் அவள் பொறுத்துக்கொண்டாள்.

இருபத்திரண்டாம் தேதி காலை மூடுபனி ஜன்னல்வரை வந்து நின்றது. கொழுந்து பறிக்க வரவில்லையென்று லீவு சொல்லிவிட்டு, துணிக்கொடிக் கம்பியில் ஏரியலைக் கட்டி உட்கார்ந்தாள். வெறும் இரைச்சல். அதற்குள் ஒரு டிக். பிறகு டிக், டிக். பனிக்கு மேலே கற்கள் எரிகின்றன; அவற்றைப் பார்த்தபடி அவன் இருட்டில் அண்ணாந்து நிற்கிறான். நாற்பதைத் தாண்டியதும் எண்ணிக்கையைப் போனில் அனுப்பினாள்.

உடனே டிக் சத்தம் மட்டும் நின்றுபோனது. வெளியே வந்து பார்த்தாள். யானைவேலிக் காவலர் முத்துராஜ் மின்பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, வேலிய ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"ஆனையே லீவு போட்டுருச்சு தங்கச்சி, வேலிக்கு எதுக்கு கரண்ட்டு? காட்டுக்கொடி ஈரத்தோட வேலிக் கம்பியில பட்டு விடியவிடிய டிக்கு டிக்குன்னு பொறி. உங்க ஊட்டு ரேடியோவுல கேட்டிருக்குமே!"

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அதற்குள் பிரைட்டனின் குரல் பதிவு வந்திருந்தது.

"நாப்பதா? இங்கயே அவ்வளவு இல்ல. நீ பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்க. வானத்துல கல்லு கெளம்புற எடம் உனக்கு வடக்க, தாழ்வா மலைய ஒட்டித்தான் வரும். கண்ணுக்கும் சிக்காது, ரேடியோவுக்கும் ரெண்டு மூணு கெடைச்சா பெருசு. இது எனக்கு இப்பத்தான் தோணுச்சு. ஆனா நீ ரேடியோவக் கேக்கவே இல்லைல்ல? சும்மா ஒரு நம்பர் அனுப்பிட்ட. எனக்கும் நடிச்சு சலிச்சுப்போச்சு ஸ்டெபி. இந்தக் கல்யாணத்த இதோட விட்டுரலாம்."

அவள் அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

உள்ளே ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. திடீரென்று எங்கோ தூரத்து ஸ்டேஷனின் பெண்குரல் ஒன்று, புரியாத மொழியில், பாதி வாக்கியம் சொல்லி மங்கியது.

'ஒன்னு' என்று போனில் தட்டினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அனுப்பாமலே அழித்தாள். வடக்கே மலை இருக்கும் திசையில் பனி மட்டும் இருந்தது.