பங்கு பிரிந்த அழுகை

முத்துராஜ் குவைத்தில் செத்துப்போன செய்தி பனங்கொல்லைக்கு வந்த அன்று அவன் பெண்டாட்டி செவந்திக்குக் கண்ணில் தூசி விழுந்த அளவுதான் நீர் வந்தது. தெருக்கோடியில் டீக்கடை வைத்திருக்கும் பிச்சை, செத்தவனுக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பால் சட்டிக்கு முன்னால் நின்றபடி அதே அளவு அழுதான். தையல் கடைக்காரி தைத்துக்கொண்டே அதே அளவு அழுதாள். எதிர்வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கொஞ்சம் அழுதுவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, திரும்பவும் கார்ட்டூன் பார்த்தார்கள். யாருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நெட் லைன் பொதுவாக இருந்ததுதான் காரணம்.

செவந்தி இருந்தது அண்ணன் தம்பிக்குப் பங்கு பிரித்த வீடு. கிழக்குப் பாதி அண்ணன் அய்யப்பனுக்கு, மேற்குப் பாதி தம்பி முத்துராஜுக்கு. பனங்கொல்லையில் வீட்டைப் பிரித்து நடுச்சுவர் எழுப்பும்போது அதில் ஒரு விளக்கு மாடத்தை மட்டும் இரண்டு பக்கமும் திறப்பாக விடுவார்கள். எந்தப் பக்கத்துக்காரி விளக்கேற்றினாலும் இரண்டு வீட்டுக்கும் வெளிச்சம். பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பிகளுக்கும் மாடத்து வெளிச்சம் பொது. அந்த மாடத்தில் எதை வைத்தாலும் அது சரிபாதியாகிவிடும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் அதில் விளக்கைத் தவிர வேறு எதையும் வைப்பதில்லை. முத்துராஜ் கடைசியாக லீவில் வந்தபோது, பெண்டாட்டி முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நெட் லைன் இழுத்தான். செல் சிக்னல் அந்த ஊரில் கண்மாய்க் கரையில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். லைன் போட வந்தவன், நெட் பெட்டியை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் நன்றாக எடுக்கும் என்றான். கம்பெனி ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, விளக்கைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுப் பெட்டியை மாடத்தில் வைத்தார்கள். முதல் ஆளாகத் தன் போனை அதில் சேர்த்துவிட்டுத்தான் முத்துராஜ் விமானம் ஏறினான்.

அவன் குவைத்தில் மீன் பொரித்துக்கொண்டே பேசினால் இங்கே இரண்டு வீட்டிலும் பாதிப் பாதி வாசம் அடித்தது. அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது செவந்திக்கும், அய்யப்பன் பெண்டாட்டி ராஜலட்சுமிக்கும் அரைக் காய்ச்சல் வந்தது. அங்கே அவன் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். நல்ல வசதிதான் என்று ஊரில் சொன்னார்கள். ராஜலட்சுமி பொதுச் சாமானை எடுத்துக் கொடுப்பதில் தாராளம். பாஸ்வேர்டைத் தையல் கடைக்காரியிடம் சொன்னாள், அவள் எதிர்வீட்டில் சொன்னாள், அது நடந்து நடந்து டீக்கடை டிவிக்குப் போய்ச் சேர்ந்தது. தெரு முழுக்கச் சேரச் சேர, வருவது மெலிந்தது. முத்துராஜ் சிரித்தால் செவந்திக்குச் சத்தம் மட்டும் வந்தது.

“நீங்க பேசுறது கேக்குதுங்க. ஆனா வந்து சேர மாட்டேங்குது” என்றாள் ஒரு நாள்.

“லைன் ஸ்லோவா இருக்கும்” என்றான் அவன். அதற்கடுத்த கோடையில், வேலை செய்துகொண்டிருந்த இடத்தில் வெயில் தாங்காமல் விழுந்து செத்தான்.

உடம்பு திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்து, ஆம்புலன்சில் ஊருக்கு வந்தது. கூடவே அவன் சாமான்களும் நைலான் கயிறு சுற்றிய ஒரு பெட்டியில் வந்தன. பெட்டியைப் பிரிக்க மனமில்லாமல் பரணில் ஏற்றினார்கள். கட்டி அழ வந்த பெண்கள் செவந்தியின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவள் உலுக்கின பக்கம் ஆடினாள், அவ்வளவுதான். அறந்தாங்கியிலிருந்து வந்த முத்துராஜின் அத்தை, “கல்லு கூட வேர்க்கும்டி. இவ ஒரு பொம்பளையா? அனுப்பின காசுக்குத்தான் புருஷன்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போனாள். செவந்திக்கு அந்தப் பேச்சும் உறைக்கவில்லை. அதுவும் பங்கு பிரிந்துதான் வந்தது. புருஷனுக்கு ஒரு தடவையாவது முழுசாக அழ வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. உட்கார்ந்து முயற்சி செய்து பார்த்தாள். வரவில்லை.

எட்டாம் துக்கம் முடிந்த மறுநாள் பிச்சை வந்து வாசலில் நின்றான். “ஆத்தா, தப்பா எடுத்துக்காதீங்க. டிவியப் போட்டாலே எனக்குக் கண்ணுல தண்ணி நிக்க மாட்டேங்குது. டீ உப்புக் கரிக்குதுன்னு ஏவாரம் அங்கிட்டு எதுத்த கடைக்குப் போயிருச்சு. இது ஒங்க சாமான். வந்து எடுத்துக்கங்க.”

அப்போதுதான் விஷயம் விளங்கியது. ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. மாடத்தில் வைத்தால் அப்படித்தான் ஆகும் என்றார்கள். செவந்தி வீடு வீடாகப் போய், ஒரு பொழுதுக்கு மட்டும் எல்லோரும் லைனை விட்டு இறங்க வேண்டும் என்று கேட்டாள். தையல் கடைக்காரி சரி என்றாள். எதிர்வீட்டில், பிள்ளைகள் கார்ட்டூன் இல்லாமல் சோறு தின்னாது என்றார்கள். பிறகு சரி என்றார்கள். நெட் பெட்டியை மாடத்திலிருந்து எடுத்துவிடலாமே என்று ஒருவன் யோசனை சொன்னான். பொது மாடத்தில் ஏறினதை இரண்டு பங்காளியும் சேர்ந்துதான் இறக்க வேண்டும், ஒரு பங்காளி செத்துக் கிடக்கிறான் என்று அய்யப்பன் அதை அடக்கினார். சொந்த வீட்டில்தான் இழுபறி. அவர் மகள் ஹரிணிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். காலேஜ் பெயர்களைக் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்திக் கொடுக்க மறுநாள்தான் கடைசி.

“செத்தவன் செத்துட்டான் செவந்தி. இவ படிப்பு போச்சுன்னா யாரு பதில் சொல்றது?” என்றாள் ராஜலட்சுமி.

“அக்கா, நெலத்துல பாதி குடுத்தேன், கெணத்துல பாதி குடுத்தேன். ஒண்ணும் சொல்லல. இது ஒண்ணையாவது முழுசாக் குடுங்கக்கா.”

ராஜலட்சுமி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஹரிணிதான் எழுந்தாள். “நான் கண்மாய்க் கரையில போய் போன்லயே ஏத்திக்கிறேன் சித்தி. வெயில்தானே” என்றவள், மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக அணைத்தார்கள். எதிர்வீட்டார் அணைத்தபோது செவந்திக்கு நெஞ்சில் சோற்றுப் பருக்கை சிக்கினது போல இருந்தது. தையல் கடைக்காரி அணைத்தபோது செவந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிச்சை டிவி ஒயரைப் பிடுங்கியபோது தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராஜலட்சுமி கடைசியாகத் தன் போனை அணைத்துவிட்டு மாடத்தின் வழியாக, “ஏ செவந்தி, அம்புட்டும் அமத்தியாச்சுடி” என்றாள். அப்போது செவந்தி அழுதாள். தெருவில் நாய்கள் எழுந்து தள்ளிப் போய்ப் படுத்தன. சுவர் ஈரமானது. ஆனால் அழ அழவே அவளுக்குத் தெரிந்தது, இது முழுசு இல்லை, பாதி. மரக்கால் அரிசி அளக்கிற கைக்குப் பாதி தெரியாமல் போகாது.

“இன்னும் யாரோ லைன்ல இருக்காங்கக்கா” என்றாள்.

ராஜலட்சுமி சாமி மேல் சத்தியம் செய்தாள். தெருவில் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள். யார் வீட்டிலும் லைன் ஓடவில்லை. அந்த நேரத்தில் பரணிலிருந்து செவந்தி கையில் ஒரு சொட்டு விழுந்தது. மழைக்காலம் இல்லை, மேலே கூரை ஓடும் பிசகவில்லை. நைலான் கயிறு சுற்றிய பெட்டிதான் அடியில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. இறக்கிக் கயிற்றை அறுத்தார்கள். சட்டைகளெல்லாம் பிழிகிற ஈரம். நடுவில் முத்துராஜின் போன். குவைத்தில் மூட்டை கட்டியதிலிருந்து அதை யாரும் தொடவில்லை, சார்ஜ் போடவில்லை. அதன் திரை எரிந்துகொண்டிருந்தது. லைன் முழுசாக எடுத்திருந்தது. கண்ணாடி மேல் நீர் ஊறி ஊறி வழிந்தது. ராஜலட்சுமி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்புத்தான்” என்றாள்.

“அதையும் அமத்திருவோமா?” என்று அவளே கேட்டாள்.

செவந்தி முந்தானையால் போனைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் மறுபடி ஊறியது. “வேண்டாங்கக்கா. அது அவரு பங்கு” என்றாள்.

சாயங்காலம் ஹரிணி கண்மாய்க் கரையிலிருந்து வெயிலில் முகம் கறுத்து வந்தாள். காலேஜ் பெயர்களை ஏற்றிவிட்டாள். ராஜலட்சுமி தெருவில் போய், இனி போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னாள். எல்லோரும் போட்டார்கள். பிச்சை மட்டும் டிவியைக் கேபிளுக்கு மாற்றிக்கொண்டான். போன் இப்போது செவந்தி வீட்டு ஜன்னலில், ஒரு ஈயத் தட்டில் இருக்கிறது. சாயங்காலம் விளக்கேற்றும் முன்பு தட்டில் சேர்ந்ததை அவள் முருங்கை மரத்துக்கு ஊற்றுகிறாள். உப்புத் தண்ணீர்தான், ஆனாலும் மரம் நன்றாகக் காய்க்கிறது.