இடது நெற்றியின் எண்

டாயெங் சிஜயா இந்தோனேசியாவின் மக்காசர் நகரில் வேன் ஓட்டுபவர். வயது ஐம்பத்து மூன்று. காலை பத்து மணிக்கு, சந்தைக்குப் போகிற கூட்டத்தோடு வண்டி நிறைந்திருந்தபோது, நெஞ்சிலிருந்து முதுகு வரை ஏதோ கிழிந்ததுபோல் அவருக்கு வலித்தது. ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்மேல் சாய்ந்தார். பயணிகளே எங்கள் மருத்துவமனைக்குத் தூக்கி வந்தார்கள்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் உட்சுவர் பிளந்திருப்பது ஸ்கேனில் தெரிந்தது. தாமதித்தால் பிழைக்க மாட்டார். பகல் ஒரு மணிக்கு நெஞ்சைத் திறந்துவிட்டோம். கத்தி டாக்டர் தென்ரியின் கையில். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓடும் இயந்திரம் என் கையில். பதினோரு வருஷமாக அதை ஓட்டுகிறேன்.

கிழிந்த இடத்தை வெட்டித் தைக்க உடம்பின் ரத்த ஓட்டத்தையே நிறுத்தியாக வேண்டும். மற்ற உறுப்புகள் குளிரில் முக்கால் மணி நேரம் தாங்கும். மூளையை அப்படிப் பட்டினி போட எங்களுக்கு மனசு வராது. அவரை இருபத்தைந்து டிகிரிக்குக் குளிர்வித்து, வலது தோளுக்கடியில் செருகிய குழாய் வழியாக மூளைக்கு மட்டும் ரத்தம் அனுப்பினேன். நெற்றியின் இரு பக்கமும் ஒட்டிய வில்லைகள் அங்கே இருக்கும் ஆக்ஸிஜனை எண்ணாகக் காட்டின. வலது அறுபத்தாறு, இடது அறுபத்து நான்கு.

மூன்றாவது நிமிடத்தில் இடது இறங்கத் தொடங்கியது. ஐம்பத்தைந்து. நாற்பத்தெட்டு. வில்லை கழன்றிருக்குமோ என்று மயக்க மருத்துவர் ருஸ்தம் துணிக்கடியில் கைவிட்டு அழுத்திப் பார்த்தார். எண் இன்னும் இறங்கியது.

"டாக்டர், இடது நாப்பத்திரண்டு," என்றேன். "வில்லை நல்லாத்தான் ஒட்டியிருக்கு. அந்தப் பக்கம் ரத்தம் போகல."

மூளையடியில் வலப் பக்கத்தையும் இடப் பக்கத்தையும் இணைக்கும் ரத்தக்குழாய் சிலருக்குப் பிறவியிலேயே மெலிந்திருக்கும். இவருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

தென்ரி தையலூசியைக் கீழே வைத்தார். "இடது கழுத்துக்குத் தனியா ஒரு குழாய் விடுறேன். ரெண்டு நிமிஷம் போனா போகட்டும். லைனை ரெண்டாப் பிரிச்சு வை, ஹஸ்னி."

"அப்பவே பிரிச்சு வச்சாச்சு. உங்களுக்காகத்தான் நிக்குறேன்."

முகமூடிக்கு மேலே அவர் கண் சிரித்தது. காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு ரத்தத்தைத் திறந்துவிட்டேன். ஐம்பது. ஐம்பத்தெட்டு. அறுபத்து மூன்றில் நின்றது. தென்ரி ஊசியை எடுத்தார். முப்பத்து நான்கு நிமிடத்தில் தையல் முடிந்தது. அவசரமாகச் சூடாக்கினால் மூளைக்கு ஆகாது என்பதால், மெல்ல மெல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். சிஜயா, இடது மூளை ஆட்டுவிக்கும் வலது கையைத் தூக்கினார், பெயரைச் சொன்னார். மனைவி டாயெங் தேனேயைக் காட்டி, இது யார் என்று தென்ரி கேட்டார். சிஜயா வெகுநேரம் பார்த்தார்.

"நேத்து காலையில என்கூட சண்டை போட்டவ மாதிரி இருக்கு."

தேனே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூளைக்கு ஒண்ணும் ஆகல டாக்டர். கொழுப்பு அப்படியே இருக்கு."

பன்னிரண்டாம் நாள், தேனேயின் தோளைப் பிடித்தபடி அவர் நடந்தே வெளியே போனார்.