ஸ்ட்ரெஸ் ஜாஸ்தி

சீருடைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த தையற்காரம்மாவின் போனில் மகளின் குரல்பதிவு ஒன்று வந்து விழுந்தது. வெளியூரில் பெரிய வேலை பார்க்கும் ஒரே மகள். என்ன வேலை என்று கேட்டால், “டெஸ்டிங்மா” என்பதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். அதுவும் அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவள் மாதிரி அவசரமாக. அன்று ஞாயிறு இல்லை.

“ஸ்ட்ரெஸ் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. கிராக் விழ ஆரம்பிச்சாச்சு. இனி தாங்காது, ஃபெயிலியர்தான்.”

அவ்வளவுதான் செய்தி. திருப்பிக் கூப்பிட்டால் எடுக்கவில்லை.

பக்கத்து மெஷினில் இருந்த அக்கா காதில் வைத்துக் கேட்டாள். “ஸ்ட்ரெஸ்னா மன அழுத்தம். கிராக்குன்னா... நம்ம தெருவுல தனியா பேசிட்டுப் போவாரே, அவரைச் சொல்றதுதான். நீ கிளம்பு.”

தையற்காரம்மா சீருடையைக் கீழே வைத்தாள். அப்பா இறந்தபோதுகூட வாய்விட்டு அழாத பெண். தைத்தது தைத்தபடி கிடக்க, பஸ் ஏறினாள். வழியெல்லாம் போனை அடித்தபடியே போனாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

வேலையிடத்து வாசலில் காத்திருந்தவளின் முன்னால், தலையில் ஹெல்மெட்டும் கண்ணில் கண்ணாடியுமாக மகள் ஓடி வந்தாள்.

“என்னம்மா, என்ன ஆச்சு? போன் லாக்கர்ல இருந்துச்சு.”

“உனக்கு என்னடி ஆச்சு? கிராக்குன்னு சொன்னியே.”

மகள் போனை வாங்கிப் பார்த்தாள். கூட வேலை செய்பவருக்கு அனுப்ப வேண்டியது ஆள் மாறி வந்திருந்தது. அம்மாவை உள்ளே கூட்டிப்போனாள். பாலத்துக்குப் போடும் இரும்புத்துண்டு ஒன்றை ஒரு இயந்திரம் இழுத்துப் பிடித்திருந்தது.

“இதைத்தாம்மா சொன்னேன். இரும்பை இழுத்தா உள்ளுக்குள்ள ஒரு விசை வரும், அதான் ஸ்ட்ரெஸ். கிராக் விரிசல். ஃபெயிலியர்னா உடைஞ்சு போறது. எனக்கு ஒண்ணுமில்ல.”

உயிர் வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. “நல்ல கூத்து போ. சரி, நீ வேலையைப் பாரு. நான் சாயங்கால பஸ்ஸுக்குப் போயிடறேன்.”

மகள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். “வந்தவ இருந்துட்டுப் போயேம்மா.”

மகளின் அறையில் ஒரே ஒரு தட்டு இருந்தது. அம்மா தட்டிலும் மகள் பாத்திரத்து மூடியிலும் போட்டுச் சாப்பிட்டார்கள். கை கழுவிய ஈரம் காயுமுன் மகள் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்துவிட்டாள். ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தவள் பாதியில் தூங்கிப்போனாள். கால் மரத்தது. தையற்காரம்மா அசையவில்லை. “வீட்டுக்கு வந்துடேன்” என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மகளின் துருத்தி நின்ற கழுத்தெலும்பைப் பார்த்தபோது இன்னும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். அந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபோது மகளின் முகத்தில் இருந்த வெளிச்சத்தையும் பார்த்திருந்தாளே.

மறுநாள் பஸ் நிலையத்தில் ஜன்னலோரம் நின்று மகள் சொன்னாள்: “இனிமே ஏதாச்சும் வார்த்தை புரியலன்னா அக்காவைக் கேக்காதம்மா. வந்துடு.”

“புரிஞ்சா வரக்கூடாதா?”

மகள் சிரித்தாள், சிரிப்பு முழுதாக வரவில்லை. பஸ் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களை மகள் கடைசி நொடியில்தான் எடுத்தாள். தையற்காரம்மா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், கழுத்து வலிக்கிறவரை.