கூலித் தூக்கம்

ஆரணி நகர வணிகப் பெருமக்களுக்கும் சுற்றுவட்டாரக் கனவான்களுக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது யாதெனில்: பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர், உயர்திரு சிவப்பிரகாசம் அவர்கள், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, முகூர்த்தமில்லாத ஆடி மாதத்தில், தமது வயிற்றை அறுவைச் சிகிச்சையால் சுருக்கிக்கொள்ளத் திருவுளம் கொண்டார்.

ஊருக்கு அவர் சொன்னது, சென்னையில் ஏற்றுமதி மாநாடு என்று. உண்மைக் காரணம், சித்திரையில் நடந்த அவரது பாராட்டு விழா. மாலை போட்ட சூட்டோடு மேடையிலேயே தூங்கிவிட்டார். குறட்டை மைக்கில் கேட்டது. கூட்டம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் விழித்தவர், எழுந்து எல்லோருக்கும் நன்றி சொன்னார். விஷயம் தெரிந்தபிறகு ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை.

சென்னை டாக்டர் சூர்யகலா உடனே கத்தியை எடுத்துவிடவில்லை.

"தூங்கும்போது உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதான்னு பார்க்கணும் சார். அது தெரியாம மயக்க மருந்து கொடுத்தா உயிருக்கே ஆபத்து. ஒரு ராத்திரி இங்க படுங்க."

நர்ஸுகள் காதுபடக் குறட்டை விடுவதா? வீட்டிலேயே செய்கிறேன் என்று கெஞ்சி, தூக்கத்தில் வரும் மூச்சைப் பதிவு செய்யும் சிறிய மெஷின் ஒன்றைப் பெட்டியோடு வாங்கி வந்தார். மூக்கில் குழாய், விரலில் கிளிப், மார்பைச் சுற்றி ஒரு பெல்ட்.

கடை மாடியில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, அதை மாட்டிப் பார்த்தார். பெல்ட் எட்டவில்லை. மூச்சை உள்ளே இழுத்தார், அப்போதும் எட்டவில்லை. போன் செய்து பெரிய பெல்ட் கேட்டிருக்கலாம். கேட்க நாக்கு எழவில்லை.

முள்ளிப்பட்டிலிருந்து தருமன் வரவழைக்கப்பட்டான். அவருக்குக் கூலிக்கு நெய்பவன். ஒல்லி.

"இத்த மாட்டிகினு உங்க வூட்ல தூங்கு. காலையில கொண்டாந்து குட்த்துட்டு கூலி வாங்கிக்க."

"இன்னா மொதலாளி, தூக்கத்துக்குமா கூலி?"

"ஏன், நெசவுக்கு வாங்கறது இல்ல? யார்னா கேட்டா மூச்சு வுடாத."

"மூச்சு வுடாம எப்படி தூங்கறது மொதலாளி?"

"போடா, பேஜார் பண்ணாத."

சிவப்பிரகாசம் பிறந்ததிலிருந்து தறியில் உட்கார்ந்ததில்லை. பாவு நூல் கொடுப்பார், புடவை வரும். தருமன் நெய்த புடவையைத் தன் கடை முத்திரை குத்தி விற்பவருக்கு, தருமன் தூங்கிய தூக்கத்தைத் தன் பெயரில் ஒப்படைப்பது தப்பாகவே படவில்லை.

அடுத்த வாரம், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மனைவி கமலமும் கூட வந்தாள். டாக்டருக்கு ஒரே ஆச்சரியம்.

"மூச்சு ஒரு தடவைகூட நிக்கல. குறட்டையே இல்ல. குழந்தை மாதிரி தூங்கியிருக்கீங்க சார். தேதி குறிச்சிடலாம்."

"யாரு தூங்குனது?" என்றாள் கமலம்.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. செவ்வாய்க்கிழமை ராத்திரி, பெட்டி மாட்டிக்கிட்டு."

"பெட்டியா? அன்னிக்கு என் பக்கத்துலதான் படுத்துகினு இருந்தாரு. ஒரு பெட்டியும் இல்ல. உறுமிகினே இருப்பாரு, திடீர்னு சத்தம் நின்னு போவும். முதுகுல ஓங்கி ஒண்ணு வெப்பேன். அப்பறம்தான் மூச்சு வரும். எத்தினி வருசமா இதான் டாக்டர் என் வேல. நான் அசந்து தூங்கிட்டா யாரு அடிக்கறது?"

"கமலம், வாய மூடு."

"மூட மாட்டேன். மயக்கத்துல மூச்சு நின்னா நான் உள்ள வந்து அடிக்க முடியுமா? சொல்லுங்க டாக்டர், வுடுவாங்களா?"

டாக்டர் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தார். "சார், இது யாரோட தூக்கம்?"

சங்கத் தலைவர், மேடையேறினால் முக்கால் மணிக்குக் குறையாமல் பேசுகிறவர், இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டார்.

"பெல்ட்டு எட்டல" என்றார்.

டாக்டர் சிரித்திருந்தாலாவது கோபித்துக்கொண்டு எழுந்திருக்கலாம். அவர் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து, "சிஸ்டர், சாருக்கு இருக்கறதுலயே பெரிய பெல்ட் எடுத்து வைங்க. இன்னிக்கு ராத்திரி இங்கதான் படுக்கறாரு" என்றார். வராந்தாவில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவப்பிரகாசம் சால்வையை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். அதுவும் முழுசாக மூடவில்லை.

கமலம் அவரைத் திட்டவில்லை. அவருடைய ஏப்பத்துக்கு வேண்டிய மாத்திரையை மட்டும் நர்ஸிடம் கொடுத்து, "மூச்சு நின்னா பயப்படாம அடிம்மா. கோவிச்சிக்க மாட்டாரு" என்றாள்.

பிறகு வெளியே பெஞ்சில் படுத்து, விடியும்வரை தூங்கினாள்.