ஆறாவது சொல்

வக்தி ஈரப் பஞ்சை உதட்டருகே கொண்டுபோக, இன்ஷிராஹ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மொதல்ல சொல்லு. மீன் கடையில என்ன பாத்த?"

"மீனைத்தான் பாத்தேன்."

"விளையாடாத. தண்ணி தெளிச்சதும் அது எப்படி மின்னுச்சு?"

போர்ட் சயீத் படகுத்துறையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவன் வக்தி. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. மனைவி இன்ஷிராஹுக்கு அதுதான் பிழைப்பு. அவள் அரபியில் பெயர்த்துக்கொண்டிருந்த நாவலில், ஒரே பக்கத்தில் ஒளிக்கு ஆறு ஆங்கிலச் சொற்கள். கத்திமுனை ஒரு நொடி பளிச்சிட்டால் கிளின்ட். தேய்த்த பித்தளை மெல்ல ஒளிர்ந்தால் கிளீம். தண்ணீர்மேல் வெளிச்சம் நடுங்கினால் ஷிம்மர். இப்படி ஐந்துக்குச் சொல் கிடைத்துவிட்டது. ஆறாவது, கிளிசன். நனைந்த பொருளின் மினுக்கம். ஒரு வாரமாக அதிலேயே நின்றிருந்தாள்.

"அழுது முடிச்ச கண்ணு மாதிரி இருந்துச்சு," என்றான்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். வலி வந்து வாயைக் கோணலாக்கியது. "கிட்ட வந்துட்ட. ஆனா எனக்கு ஒத்தச் சொல்லு வேணும்."

அவள் தங்கை நக்வா வலிக்கான ஊசி மருந்தோடு அறை வாசலில் நின்றாள். "அக்கா, இப்பவாவது போட்டுக்கயேன். பாக்க முடியல."

"போட்டா சொல்லெல்லாம் நழுவிடுது. இந்தப் பக்கம் முடியட்டும். பதிப்பாளர் காத்திருக்காரு."

வக்தி பஞ்சைக் கிண்ணத்தில் போட்டான்.

பதிப்பாளர் காத்திருக்கவில்லை. மூன்று மாதம் முன்பு, அவள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது, கெய்ரோவிலிருந்து அவனிடம்தான் பேசினார். வேறொருவர் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டார், புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது என்றார். அவள் வீடு திரும்பட்டும், பிறகு சொல்லலாம் என்றிருந்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் கேட்டது மூக்குக்கண்ணாடியையும் மொழிபெயர்ப்புத் தாள்களையும்தான். அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வாய் வரவில்லை.

நண்பகல் லுஹர் தொழுகைக்கான பாங்கு ஓய்ந்தபோது அவள் அவன் மணிக்கட்டைப் பற்றினாள். நகம் பதிந்தது.

"ஊசி போட்டுக்க, கண்ணு. புத்தகம் கிடக்கட்டும்."

"கிடக்கட்டுமா? ரெண்டு வருஷ உழைப்பு, வக்தி."

"இன்ஷிராஹ்... அந்தப் பதிப்பாளர் பேசினாரு."

அவள் கண்ணை முழுதாகத் திறந்தாள். "என்ன சொன்னாரு?"

அவன் அந்த முகத்தைப் பார்த்தான்.

"எவ்வளவு நாளானாலும் பரவாயில்லன்னாரு."

தலையசைத்துவிட்டுப் பென்சிலைக் கேட்டாள். கொடுத்தான். விரலில் நிற்கவில்லை. எடுத்து மறுபடி வைத்தான். மறுபடியும் நழுவியது. மாலை அசர் தொழுகைக்கு முன்பே, பல்லைக் கடித்தபடியே அவள் மூச்சு அடங்கிவிட்டது. மருந்துக் குப்பி உடைக்கப்படாமல் மேசையில் இருந்தது.

நக்வா அழுதுகொண்டே தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள்.

"மச்சான், புத்தகம் வரும்போது அக்கா பேரு மொதல் பக்கத்துல இருக்கும்ல?"

"இருக்கும்."

"பெரிய எழுத்துலயா?"

"ம்."

அவன் பால்கனிக்குப் போனான். கீழே, துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக ஒரு வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்குக் கால் உடைந்திருந்தது. இறக்கியவர் அதை இரண்டு தரம் நிமிர்த்திப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்த்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.