கிளேபாங்குக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

ஜப்பான்காரன் வருவதற்கு முன் நான் என் மனைவியை எங்கும் கூட்டிக்கொண்டு போனதில்லை. சாக்கடை வேலை செய்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை தூங்குவதற்கு. கப்பலேறி வந்த நான்கு வருஷத்தில் ருக்மணி பார்த்த மலாக்கா, காஜா பேராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த பின்பக்கத்து அறையும் குழாயடியும்தான்.

ஜப்பான்காரன் வந்த பிறகு வாராவாரம் வெளியே போனோம். ஆசையால் இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். ஞாயிறு காலையில் வீடு வீடாக வருவார்கள். அன்றுதானே ஆம்பிளை வீட்டில் இருப்பான். அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுவோம். கிளேபாங் கடற்கரைக்கு ஒன்றரை மணி நேர நடை. இருந்த ஒரே நல்ல சேலையை அவள் கட்டிக்கொள்வாள். அவித்த மரவள்ளிக்கிழங்கை இலையில் மடித்துக்கொள்வாள். வழியில் நிற்கும் சிப்பாய்க்கு இடுப்பு வளையக் கும்பிடு போட்டுவிட்டு, விருந்துக்குப் போகிறவர்கள் மாதிரி நடப்போம்.

"முன்னெல்லாம் கெஞ்சினாலும் வர மாட்டீங்க. இப்ப பாருங்க, வாராவாரம் கடக்கரை" என்பாள், ஈர மணலில் கால் விரலால் மட்டிச் சிப்பி தோண்டிக்கொண்டே.

"உசுருக்குப் பயந்து வந்திருக்கோம். உனக்குச் சிரிப்பு."

"பயந்தாச்சும் வந்தீங்களே, சாமி!"

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. அவளிடம் சொன்னதில்லை.

நாங்கள் இருந்த வீடு பிச்சையுடையது. அவன் மலாக்காச் சிட்டி இனத்தவன். பல தலைமுறையாக இங்கே இருக்கிற இந்து. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழ் ஒரு வரி வராது. அப்படிப்பட்டவனை எப்படி நம்புவது? ஆள் காட்டினால் அரிசி கிடைக்கும் என்று ஊரில் பேச்சு இருந்தது. பிச்சை வீட்டில் அரிசி வேகும் வாசனை வந்தால் நான் யார் பிடிபட்டது என்று விசாரிப்பேன்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிறு. வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்போம். பின்னாலிருந்து பிச்சை கத்தினான்.

"முத்து! ஜாங்கான் பி! கிளேபாங் ஜாங்கான் பி!"

போகாதே என்கிறான். ருக்மணி நின்றுவிட்டாள்.

"பின்னால கூப்பிட்டுட்டாரு. சகுனம் சரியில்ல. உள்ள போயி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு, செத்த உக்காந்துட்டுப் போவோம்."

"உக்கார வைக்கத்தான் கூப்பிடுறான். பிடிக்கிறவன் வர்ற வரைக்கும் உக்காரணும். நட."

"அவரு முகத்தைப் பாருங்க, பொய் மாதிரியா இருக்கு?"

"நடங்கிறேன்!"

அவள் வந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளேபாங்கில் தென்னை மரங்களுக்கு அடியில் இரண்டு லாரி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எங்கே ஒளிகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டிருந்தது. என்னைத் தூக்கி ஏற்றினார்கள். ருக்மணி லாரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. உள்ளே இருந்த தமிழ்க் கங்காணி ஒருவன் அவள் விரல்களை மெதுவாகப் பிரித்தான்.

"மூணே மாசம் தங்கச்சி. சம்பளத்தோட வந்துருவாரு. சாமி சத்தியமா."

அவள் நம்பினாள். அவள் எல்லோரையும் நம்புவாள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சண்டை முடிந்து நான் காஜா பேராங்குக்கு நடந்து வந்தபோது எங்கள் அறை கூட்டிப் பெருக்கிப் பூட்டியிருந்தது. பிச்சை சாவியோடு வந்தான். மலாயில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். மூன்று மாதம் முடிந்ததும் ருக்மணி ஆள் பிடிக்கும் ஆபீசுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். புருஷன் இருக்கும் இடத்திலேயே சேர்த்துவிடுகிறோம், நீயும் வா என்றிருக்கிறார்கள். பேர் கொடுத்துவிட்டாள். பிச்சை தடுத்திருக்கிறான். "அவரு யாரையும் நம்ப மாட்டாரு. அங்க யாரு அவருக்குச் சோறு எடுத்து வைப்பா?" என்று அரைகுறை மலாயில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பிறகு சேதியே இல்லை.

நான் நம்பவில்லை. அவன் வீட்டுக்குள் புகுந்து அறை அறையாகத் தேடினேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவன் தடுக்கவில்லை. பூட்டியிருந்த அறையை அவனே திறந்துவிட்டு, சுவர் பக்கம் திரும்பி நின்று அழுதான்.

அப்போதுதான் நம்பினேன். சயாம் ஆற்றங்கரை நினைவுக்கு வந்தது.

சயாமில் என்னோடு கல் உடைத்தவன் தம்பிராஜா. நான் போய் ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஆற்றுக்கு அக்கரையில் புது ஆட்களை இறக்கினார்கள். "முத்தண்ணே, பொம்பளைங்களும் இருக்காங்க. மலாக்காக்காரங்களாம். வாங்க, யாருன்னு பாத்துட்டு வருவோம்" என்றான். என் கையில் சோற்றுத் தகரம் இருந்தது. நான் எழுந்தால் அதை எவனோ எடுப்பான், அதற்குத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன்.

"எனக்கு அங்க யாரும் இல்ல. நீ போ."

அவன் போய் வந்து, யார் யார் என்று சொல்ல வாயெடுத்தான். கேட்க மறுத்தேன். மறுநாள் அவர்களை மலைக்கு மேலே கொண்டுபோய்விட்டார்கள். தம்பிராஜா அடுத்த மாதம் வாந்திபேதியில் போனான். இனி யாரைக் கேட்பது?

அவள் அந்தக் கூட்டத்தில் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் ஆறு அகலமில்லை. கூப்பிட்டால் கேட்கும். இக்கரையில் நான் குனிந்து தின்றுகொண்டிருந்தேன்.