சலவைக்கூடத்துக் கிணறு

வெள்ளைத் துணியில் சாம்பல் நிறமேறத் தொடங்கியதும் நான் முதலில் சந்தேகப்பட்டது சோப்புக்காரனை. பிறகு என் கணவரை. அலசுகிற வேலையென்றால் அவருக்கு எப்போதும் அவசரம். நானே அலசிப் பார்த்தேன். அதே நிறம். ஆஸ்பத்திரிக்காரர்கள் படுக்கை விரிப்புகளைத் திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம். அவர்கள் போனால் எங்கள் சலவைக்கூடத்துக்குப் பூட்டுதான்.

கிணற்றிலும் நீர் இறங்கிக்கொண்டே வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் சரளை வெட்டிக் கழுவுகிறார்கள். எங்கள் கிணற்றைவிட ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். குழியில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்டினால்தான் அங்கே வேலை நடக்கும். அந்தப் பம்பை ஓட்டுபவன் என் கொழுந்தன். சாப்பாடு எங்கள் வீட்டில். கொஞ்ச நாளாக என் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

ஒரு காலை, துணி காயப்போடப் போனவள் அதைப் பார்த்தேன். எங்கள் கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் குழாய் கிளம்பி, புதருக்குள் ஒளிந்து, மதிலைத் தாண்டிப் போயிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரையும் உறிஞ்சித் தண்ணீர் லாரிக்காரனுக்கு விற்கிறான். உண்ட வீட்டுக்கு இரண்டகம். அரிவாளை எடுத்து ஒரே வெட்டு வெட்டினேன்.

மதில் பக்கத்துத் துண்டிலிருந்து தண்ணீர் பீறிட்டு என்மேல் அடித்தது. சிமெண்டு கரைத்தது போன்ற சாம்பல் தண்ணீர். கிணற்றுப் பக்கத்துத் துண்டு சொட்டிவிட்டு ஓய்ந்தது. குழாய் எங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை.

கொழுந்தன் மதிலேறிக் குதித்து வந்தான். சரளை கழுவிய தண்ணீரை முதலாளிக்குத் தெரியாமல் எங்கள் கிணற்றுக்குள் விட்டிருக்கிறான்.

"எங்க குழிதான் உங்க தண்ணிய இழுத்துக்கிச்சு அண்ணி. சொன்னா ரோஷப்பட்டு வேணாம்பீங்க. அதான் சொல்லாம திருப்பி விட்டேன்."

திட்ட வாயெடுத்தேன். அரிவாளைக் கீழே போட்டேன். இவனையா திருடன் என்று நினைத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் கிணறு தரை தட்டியது. அவனே கயிறு கட்டி இறங்கினான். ஊற்றுக்கண் இருந்த மூலையில் சாம்பல் வண்டல் பூசி மெழுகியது போல் இறுகியிருந்தது. கடப்பாரை கேட்டான். இறக்கினேன். குத்திக் குத்திப் பார்த்தான். ஈரம்கூட வரவில்லை.

"கழுவுன தண்ணியும் தண்ணிதானேன்னு நெனச்சேன் அண்ணி."

மேலே வரச் சொன்னேன். அவன் குத்துவதை நிறுத்தவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மாற்று ஆள் அவனுடைய பம்பை ஓட்டிக்கொண்டிருந்தான். எங்கள் கிணற்றில் ஊற வேண்டிய தண்ணீர் சாக்கடையில் விழும் சத்தம் இருவருக்கும் கேட்டது.